கலக்கிப் பார்த்த நீலம்

மூத்திரம் பார்க்கிற வேலை செய்தேன். இப்படிச் சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும். மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. போன மாதம் ஒரு பெண் கேட்டாள். ரத்தம் பார்க்கிற இடத்தில் வேலை செய்கிறவள். என் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டை எடுத்தாள். சின்னக் கருவி ஒன்று எண்ணைக் காட்டியது. நானும் இந்த வேலைதான் பார்த்தேன் என்று சொன்னேன்.

"இந்த மெசின் வரதுக்கு முன்னாடி எப்படீங்க தாத்தா கண்டுபுடிப்பீங்க?" என்றாள்.

கலரைப் பார்த்து என்றேன். கலரா என்றாள். அதற்குள் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து வந்தேன்.

அவளிடம் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்து நீளாது.

சேவூர்ப் பக்கம் எங்கள் ஊர். கிணறு வற்றிய ஒரு வருஷம் திருப்பூர் வந்தேன். பனியன் கம்பெனியில் கேட்டேன், இடம் இல்லை. நொய்யலுக்குப் போகிற தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். கூட்டினேன், துடைத்தேன், ஊசி வேக வைத்தேன். சில வருஷம் போனது. ஒரு நாள் டாக்டர் என்னைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டு, இனி இது உன் இடம் என்றார். வடக்கே ஒரு சன்னல். ஒரு மேசை. ஸ்பிரிட் விளக்கு. கண்ணாடிக் குழாய்கள். ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தேன்.

வேலை இதுதான். மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சிய நீல மருந்து ஒன்று உண்டு. பெனடிக்ட் மருந்து என்போம். அதைக் குழாயில் அளவாக ஊற்ற வேண்டும். நோயாளியின் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட வேண்டும். எட்டு என்றால் எட்டு. விளக்கில் காட்டும்போது குழாயைச் சாய்த்துப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் பீறிட்டு அடிக்கும். குழாயின் வாய் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும், ஆளைப் பார்த்து இருக்கக் கூடாது. கொதித்த பின் ஆற விட்டு, சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் கூடுதல். ஆரஞ்சு அதற்கும் மேல். செங்கல் நிறம் வந்தால் டாக்டரைக் கூப்பிட எழுந்துவிட வேண்டும்.

விளக்கு வெளிச்சத்தில் கலர் பார்க்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு வருகிற புட்டியை நான் வாங்க மாட்டேன். அது டாக்டர் உத்தரவு.

இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை டாக்டர் ஒரு முறைதான் சொன்னார்.

"கெணறு நெறஞ்சு வாய்க்கால்ல வழியற தண்ணியத்தான் நாம பாக்கறோம். கெணத்துக்குள்ள எவ்வளவு கெடக்குதுன்னு இது சொல்லாது. வழியலைன்னா பயமில்லைன்னு மட்டும் நெனச்சுக்காதே."

கிணறு என்றால் ரத்தம். வாய்க்கால் என்றால் மூத்திரம். சேவூர்க்காரனுக்கு அது போதும்.

டாக்டர் அதிகம் பேசாதவர். சர்க்கரைக்காரர் வந்தால் நாடியைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பார். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் என்ன சாப்பிட்டீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். டாக்டர் மறுத்துப் பேச மாட்டார். கையிலிருக்கும் பேனாவை மூடி மேசையில் வைத்துவிடுவார். வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். கொஞ்ச நேரம் கழித்து வந்தவரே ஆரம்பிப்பார். சாயங்காலம் ரெண்டு போண்டா தின்றேன், மாமன் வீட்டுப் பக்கம் போனேன், வெல்லக் கச்சாயம் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று வரும். முழுக்க வந்த பிறகுதான் பேனா திறக்கும். டாக்டர் பேனாவை மூடினால் நம்பவில்லை என்று அர்த்தம். தெருவுக்கே தெரியும்.

இன்சுலின் மருந்து கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும். குளிர்ப்பெட்டி கிடையாது. மண்பானையில் ஈர மணலைப் போட்டு, மருந்துக் குப்பியை அதில் நிறுத்தி வைப்போம். மணல் காயாமல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. ஊசிகளைத் திரும்பத் திரும்ப வேக வைத்துப் போடுவோம். நுனியைப் பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு சிக்கினால் நுனி மடங்கியிருக்கிறது. சாணைக்கல்லில் தீட்ட வேண்டும்.

எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் எனக்கென்று ஓரமாக ஒரு டம்ளர் வைத்திருந்தார். "உங்குளுக்கு டீ என்ன கலர்லீங்க வேணும், பச்சையா, மஞ்சளா?" என்று கேட்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். ஒரு முறை பெண் பார்த்தார்கள். எல்லாம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று விசாரித்தார்கள். அப்புறம் ஆள் வரவில்லை. பிறகு நானும் தேடவில்லை.

முதல் வருஷங்களில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பனியன் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற பாய் ஒருவர் எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். நோன்பு மாதம். வழக்கமான ஊசியை விடியலில் போட்டுக்கொண்டு நோன்பும் வைத்துவிட்டார். மத்தியானம் கடையில் பனியன் கட்டுகளுக்கு நடுவில் சரிந்துவிட்டார். குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆளைத் தெரியாமல் பேசினார். டாக்டர் தொட்டுப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் கொண்டு வா என்றார். சர்க்கரை நோய்க்காரருக்குச் சர்க்கரையா என்று நான் நின்றேன். டாக்டரே போய்க் கலக்கிக் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். பாய் எழுந்து உட்கார்ந்தார்.

"நோன்பு வெச்சா சர்க்கரை எறங்கும், கூட ஊசியும் போட்டா இன்னும் நல்லா எறங்கும்னு நெனச்சனுங்க டாக்டர்."

"எறங்குச்சுங்க. கூடவே நீங்களும் எறங்கப் பாத்தீங்க" என்றார் டாக்டர்.

பாய் பள்ளிவாசலில் போய்க் கேட்டார். நோயாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று பெரியவர் சொல்லிவிட்டாராம். எனக்கும் அன்றைக்கு ஒன்று புரிந்தது. இது குறைத்துக்கொண்டே போகிற வேலை இல்லை. நடுவில் பிடித்து நிறுத்துகிற வேலை.

சாயக்கார மேஸ்திரி வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து.

பேர் சென்னியப்பன். நொய்யல் கரையில் நூலுக்குச் சாயம் போடுகிற பட்டறை ஒன்றில் மேஸ்திரி. முழங்கை வரைக்கும் கை நீலம். கணுக்கால் வரைக்கும் கால் நீலம். எந்தச் சோப்புக்கும் போகாத நீலம். தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறேன், தாகம் அடங்கவில்லை என்று வந்தார். ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்றார். பட்டறை ஆட்கள் கேலி செய்கிறார்களாம். மேஸ்திரி சர்க்கரை ஆலை வைத்துவிட்டார் என்கிறார்களாம்.

பார்த்தேன். செங்கல்.

புட்டியைக் கொடுத்தவர்கள் யாரும் என் அறைக்குள் வந்ததில்லை. வாசலில் நீட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். மேஸ்திரி உள்ளே வந்தார். நீல மருந்துப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மயில்துத்தமுங்களா?"

"ஆமாங்க."

"எங்க பட்டறையிலயும் இருக்குதுங்க." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "எங்கையில சாயம், உங்க கையில நாத்தம். நம்ம ரெண்டு பேத்தையும் ஒரு கலியாணப் பந்தியில சேத்தி ஒக்கார வெச்சா மத்தவீக எந்திரிச்சுப் போயிருவாங்க."

நான் சிரித்தேன். அந்த அறையில் அதற்கு முன்னால் நான் சிரித்ததாக நினைவில்லை.

அவருக்கு மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வள்ளியைக் குன்னத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். வீட்டில் தனி ஆள். பட்டறை விட்டால் வீடு. ஊசி போட ஆரம்பித்த பிறகு வாரத்தில் சில நாள் காலையில் வந்து ஸ்டூலில் உட்காருவார். நான் குழாயைச் சன்னலில் பிடித்தால் எட்டிப் பார்ப்பார். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு என்றார். சாயம் போட்ட நூல் சிட்டத்தை மாதிரியோடு ஒட்டி வைத்துப் பார்க்கும்போது ஒரு ஆள் கலரைச் சொல்ல வேண்டும். இன்னொரு ஆள் பார்த்து "ஒத்துக்குதுங்க" என்று சொல்ல வேண்டும். ஒற்றைக் கண் பார்த்த கலரை யாரும் அனுப்ப மாட்டார்களாம். பிறகு அவர் வந்த நாளிலெல்லாம் நான் மஞ்சளுங்க என்பேன். அவர் பார்த்து, ஒத்துக்குதுங்க என்பார்.

தீபாவளிக்கு முந்தின மாதங்களில் சாயப்பட்டறைகளுக்கு ஓய்வே கிடையாது. இனி காலையில் வர முடியாது என்றார். டாக்டர் யோசித்தார். ஒரு புட்டி நீல மருந்து, இரண்டு குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு கொடுத்தார். வீட்டிலேயே பாருங்கள் என்றார். வேறு யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. கலர் பார்க்கத் தெரியாதவர்களிடம் கொடுத்து என்ன பயன்? மேஸ்திரிக்கு முப்பது வகை நீலம் தெரியும். எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்க வைத்து, ஆற வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். ஆற வெச்சுப் பாக்கறனுங்க என்று மேஸ்திரி திருப்பிச் சொன்னார். நானும் அங்கேதான் நின்றேன்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு முறை, பட்டறை விட்டுப் போகிற வழியில் வருவார். பொழுது சாய்ந்திருக்கும். புட்டி வாங்குகிற நேரம் இல்லை. வாசலில் நின்றபடியே சொல்வார்.

"நீலமுங்க."

டாக்டருக்குச் சந்தோஷம். மேஸ்திரி பார்த்த கலரை நாம் மறுபடி பார்ப்பது மரியாதை இல்லை என்றார். மேஸ்திரி வீட்டில் தானே போட்டுக்கொண்ட ஊசி மருந்தை அதே அளவில் விட்டார். மேஸ்திரி இளைத்துக்கொண்டு வந்தார். ஆவியில் நின்று வேலை செய்கிற உடம்பு, சீசன் நேரம் என்று நினைத்தோம்.

தீபாவளி முடிந்து ஒரு நாள் காலை நேரம். மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இடது காலை ஊன்றவில்லை. நூல் பேல் கட்டுகிற இரும்புப் பட்டை குத்தியிருக்கிறது. எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. குத்தியதும் தெரியவில்லை. வலி இல்லை. வாடைதான் வந்தது. பட்டறை ஆட்கள் சொன்ன பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தாராம்.

டாக்டர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கும் நீலம். எது புண், எது சாயம் என்று தெரியவில்லை. ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தார். பஞ்சு நீலமானது. இன்னொரு பஞ்சு. நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். குதிகால் தெளிந்தது. மேல் பாதம் தெளிந்தது, சிவந்திருந்தது. பெருவிரல் தெளிந்தது. கடைசி இரண்டு விரல்கள் தெளியவில்லை. டாக்டர் மறுபடி துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. விரல்கள் கருப்பாகவே இருந்தன. அது சாயம் இல்லை.



மூத்திரம் பார்த்தேன். சூட்டோடு குழாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆரஞ்சைத் தாண்டிச் செங்கலுக்குப் போயிருந்தது. டாக்டர் மேஸ்திரியைப் பார்த்தார்.

"ஊட்டுல பாத்தப்ப என்ன கலருங்க மேஸ்திரி?"

"நீலமுங்க."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும் நீலமுங்க. நேத்தும் நீலமுங்க."

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். சும்மா இருந்தார். மேஸ்திரியும் சும்மா இருந்தார். சொல்ல அவரிடம் வேறொன்றும் இல்லை.

டாக்டர் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு டெலிபோனில் பேசினார். பேசிவிட்டு வந்து மேஸ்திரியிடம் மறைக்காமல் சொன்னார். இந்தச் சர்க்கரையோடு போனால் அறுத்த புண் ஆறாது. அதனால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். சர்க்கரையை இறக்கிக்கொண்டு போனால் இரண்டு விரலோடு நிறுத்தப் பார்ப்பார்கள். அதற்காக ரொம்பக் காத்திருக்கவும் முடியாது. பேனாவைத் திறந்து, காலில் சிவப்பு ஏறியிருந்த இடத்துக்கு மேலே ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் எந்தக் கலராக இருந்தாலும் புறப்பட வேண்டும் என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு கட்டில், என் அறைக்குப் பக்கத்து அறையில். மேஸ்திரியை அதில் படுக்க வைத்தோம். வள்ளிக்கு ஆள் அனுப்பினோம். அந்தப் பெண்ணுக்கு அப்போது பிரசவ நேரம், வர முடியவில்லை.

நாளுக்கு நாலு வேளை மூத்திரம் பார்ப்பது. கலருக்குத் தக்கபடி இன்சுலின். பச்சைக்கு இவ்வளவு, மஞ்சளுக்கு இவ்வளவு, ஆரஞ்சுக்கு இவ்வளவு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீலத்துக்கு ஊசி இல்லை. கூடவே பென்சிலின். சோற்றை அளந்து போட்டேன். முதல் நாள் நான் ஆரஞ்சுங்க என்றேன். மேஸ்திரி எட்டிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு சொன்னார்.

"டாக்டர் பேனாவ மூடிட்டாருங்க."

நான் குழாயைக் கழுவினேன்.

"காலு போனாப் போகுதுங்க. பொய் சொல்றன்னு நெனச்சுட்டாருங்களே. கலரப் பாத்துச் சோறு திங்கறவனுங்க நானு. எங்கண்ணு போயிருச்சுன்னா அப்பறம் எங்கிட்ட என்னங்க இருக்குது?"

அவர் பொய் சொல்கிறார் என்று நானும் நினைத்தேனா? நினைக்கவில்லை. ஆனால் கண் மங்கிவிட்டதோ என்று நினைத்தேன். இந்த நோய்க்கு அதுவும் உண்டு. ஒரு காகிதப் பொட்டலத்தைக் காட்டி என்ன கலருங்க என்று கேட்டேன். பாசி முத்துன கொளத்துத் தண்ணி, அதுல சித்தெ மஞ்சள் என்றார். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை. குழாயைக் கொதிக்க வைத்து, ஆறட்டும் என்று தாங்கியில் நிறுத்தினேன். டாக்டர் கூப்பிட்டார். ஒருவருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. முடித்து வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் மேஸ்திரி கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் என் அறைக்கு வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது.

"பாருங்க. நீலமுங்க."

பார்த்தேன். குழாயில் நீலம் நின்றது. அடியில் ஒரு விரற்கடைக்கு மஞ்சளாக ஏதோ தங்கியிருந்தது. நான் வழக்கம்போலக் குழாயை எடுத்து, விரலால் வாயைப் பொத்திக் குலுக்கினேன். அடியில் கிடந்தது எழும்பியது. குழாய் முழுவதும் மஞ்சள்.

"ஏனுங்க," என்றார் மேஸ்திரி. "எதுக்குங்க கலக்கறீங்க? மண்டி மேல வந்துருச்சே."

நான் குழாயைப் பிடித்தபடி நின்றேன்.

"கலக்கித்தானுங்க பாக்கோணும்" என்றேன்.

"மண்டியையுங்களா?"

"அந்த மண்டிதானுங்க சர்க்கரை."

அவர் குழாயையே பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். பட்டறையில் நூலைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்த பிறகு, தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வைப்பார்கள். அசையாமல் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். நன்றாகத் தெளிந்த பிறகு வந்து மேல் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். அடியில் தங்குகிறது அழுக்கு, சுண்ணாம்பு. அதைக் கணக்கில் எடுப்பது கிடையாது. டம்ளரை ஆட்டிவிட்டுப் பார்க்கிறவனை மேஸ்திரி வேலையில் வைக்க மாட்டார்கள். ஆற வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ராத்திரி கொதிக்க வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். விடிந்து வெளிச்சம் வந்ததும், அசையாமல் குனிந்து மேல் தண்ணீரைப் பார்ப்பார். நீலம். பக்கத்தில் இன்னொரு ஆள் இல்லை. நீலம்தானா என்று கேட்கவும் ஆள் இல்லை, ஒத்துக்குதுங்க என்று சொல்லவும் ஆள் இல்லை.

அவர் எங்களோடு உட்கார்ந்து பார்த்த நாளெல்லாம் குழாய் ஆறியதும் கையோடு எடுத்துப் பார்த்தோம். மண்டி தங்க நேரம் இருந்ததில்லை. குலுக்கியதை அவர் கவனிக்கவில்லை. குலுக்குகிறேன் என்பது எனக்கே தெரியாது. கை செய்கிற வேலை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த நோயாளியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். குழாயை வாங்கினார். மேசை மேல் நிறுத்தினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மஞ்சள் இறங்கியது. மேலே நீலம் தெளிந்தது. டாக்டர் அதை எடுத்துக் குலுக்கினார். மஞ்சள்.

"கலக்கோணும்னு நாங்க யாரும் சொல்லவே இல்லீங்களே மேஸ்திரி" என்றார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். திறந்தார். என்ன எழுதினார் என்று நினைவில்லை. திறந்தது நினைவிருக்கிறது. மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார்.

அன்றைக்கிலிருந்து பழைய வழக்கம் திரும்பியது. நாலு வேளையும் குழாயைக் குலுக்கிச் சன்னலில் பிடிப்பேன். கட்டில் கிடக்கிற இடத்திலிருந்து கதவு வழியாக அவருக்குத் தெரியும். மஞ்சளுங்க என்பேன். ஒத்துக்குதுங்க என்பார். ஒரு முறை பச்சைங்க என்றேன். இல்லீங்க, இன்னும் மஞ்சள் விடலை, ஊசியக் கொறைக்காதீங்க என்றார். அவர் சொன்னதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டேன். பேனாக் கோட்டையும் நாலு வேளையும் பார்ப்போம். சிவப்பு கோட்டைத் தொட்டது. தாண்டவில்லை. பிறகு பச்சை வந்தது. பச்சையிலேயே நின்றது. டாக்டர் வந்து பார்த்தார், போனார். சோற்றில் இன்னும் ஒரு கரண்டி குறைத்தேன். மேஸ்திரி எலும்பாகிவிட்டார். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, குலுக்கினேன். மறுபடி குலுக்கினேன்.

"நீலமுங்க" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"கிட்டக் கொண்டாங்க."

கொண்டுபோனேன். வாங்கித் தானே குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒத்துக்குதுங்க."

அன்றைக்கே கோயமுத்தூருக்கு அனுப்பினோம். இரண்டு விரலோடு நிறுத்தினார்கள்.

புண் ஆறித் திரும்பி வந்தார். டாக்டர் இனி ஈரத்தில் நிற்கக் கூடாது என்றார். உணர்ச்சி இல்லாத கால். அடுத்த முறை எது குத்தினாலும் தெரியாது. சாயப்பட்டறையில் ஈரமில்லாத இடம் கிடையாது. மேஸ்திரி வாதாடவில்லை. மகள் வீட்டுக்குப் போகிறேன் என்றார். போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்றார்.

ஐந்து குழாய் கேட்டார். ஐந்து கலரும் வேண்டும் என்றார். வந்த புட்டிகளிலிருந்து தேறியதைக் குலுக்கி நிறுத்தினேன். பார்த்துக்கொண்டு பட்டறைக்குப் போவார். ஓரமாகக் காய்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஆட்களை விட்டுச் சின்னச் சட்டியில் நூலை முக்கச் சொல்வாராம். நூலைக் கொண்டுவந்து குழாயோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி போவார். செங்கல் மட்டும் பல நாள் சரியாக வரவில்லை. கடைசியில் ஐந்தையும் ஒரு அட்டையில் வரிசையாகக் கட்டிக்கொண்டு வந்தார். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல். சன்னல் ஓரமாக ஆணியடித்து மாட்டினார்.

"இனிமே யாருக்குங்க ஊட்டுக்குக் குழாய் குடுத்தாலும் இதைக் காட்டிக் குடுங்க," என்றார். நீல நூலைத் தொட்டார். "இது கலக்கிப் பாத்த நீலமுங்க. தெளிய வெச்ச நீலம் வேற. ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும்."

மத்தியானம் குன்னத்தூர் பஸ். நான் பஸ் நிறுத்தம்வரை போகவில்லை. புட்டிகள் இருந்தன. வாசலில் நின்று போயிட்டு வாரனுங்க என்றார். சரிங்க என்றேன்.

அதற்குப் பிறகு டாக்டர் நிறையப் பேருக்கு வீட்டுக்குக் குழாய் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கலக்கிப் பாருங்கள் என்று சொல்லி, எதிரிலேயே கலக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்பினார். வீட்டில் இன்னொரு ஆள் உண்டா என்றும் கேட்பார். மேஸ்திரி வரவில்லை. குன்னத்தூரிலேயே ஒரு டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நான் ஒரு முறை போகலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் புட்டி வரும்.

சில வருஷம் கழித்து வள்ளி வந்தது. ஒரு வேலையாகத் திருப்பூர் வந்ததாம், சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்ததாம். அறை வாசலில் நிற்காமல் உள்ளே வந்தது. அவருடைய மகள் அல்லவா? சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தது.

"அப்பா போன மாசம் போயிட்டாருங்க. மாரடைப்புங்க" என்றது. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு காலோடதானுங்க போனாரு. உங்ககிட்டச் சொல்லச் சொல்லியிருந்தாருங்க" என்றது.

உட்காரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டது.

டாக்டர் இறந்த பிறகு அவர் மகன் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தார். சாமான்களை வெளியே எடுத்தார்கள். அட்டை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்தேன். இப்போது நான் இருக்கிற அறையிலும் ஒரு சன்னல் உண்டு. வடக்குச் சன்னல் இல்லை, கிழக்கு. இருந்தாலும் காலையில் வெளிச்சம் போதும். அங்கே மாட்டியிருக்கிறேன்.

எனக்கும் சர்க்கரை வந்திருக்கிறது. அந்தப் பெண் எண்ணைச் சொன்னாள். கிணற்றுக்குள் எவ்வளவு கிடக்கிறது என்று அவளுடைய கருவி சொல்லிவிடுகிறது. நல்ல கருவி. டாக்டர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு எண் மனதில் நிற்கவில்லை. கூடுமா, கொஞ்சமா என்று கேட்டேன். கொஞ்சம் கூட இருக்குதுங்க தாத்தா, சோத்தைக் கொறைங்க என்றாள்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றினேன். அவள் சொன்ன கொஞ்சத்துக்கு எந்த நூல் என்று சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"பச்சைங்க" என்றேன்.

பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அட்டையை மாட்டிவிட்டு, ஒரு பிடி அரிசியைக் குறைத்து உலையில் போட்டேன்.